சிவபாண்டியின் பெட்ரோல் கேன்

அன்புள்ள பாண்டிச்செல்விக்கு,

விளாங்குடியில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஒரு செய்தி, பதறாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

என்னிடம் படித்த சிவபாண்டி, போன வாரம், ரிட்டயரான பின் நான் பார்த்துக்கொள்ளும் நம் பெட்ரோல் பங்குக்குத் தண்ணீர் கேனோடு வந்தான். கேனில் தரக்கூடாது என்றேன்.

“மருந்தடிக்கிற மெஷினுக்குத்தான் சார். எம்புட்டு நேரம் கெஞ்சுறது?”

ஊற்றச் சொல்லிவிட்டேன்.

சாம்பிராணிப் புகை அறைக்கு அறை பரவுவதுபோல் பெட்ரோல் ஆவியும் பரவும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! அன்று சொல்லவில்லை. அவன் கேனை அடுப்பங்கரையில் வைத்துவிட்டான்.

அடுப்புத் தீ ஆவியில் பற்றி, உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடக்கிறான். என் பழைய பருத்தி வேட்டிகளைப் பஸ்ஸில் கொடுத்துவிடு, அவனுக்கு விரிக்க மெத்தென்று இருக்கும்.

அவன் மனைவி தங்கப்பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்னா கேப்பாரு சார், கண்ணத் தொறக்கச் சொல்லுங்க” என்கிறாள். ஊற்றச் சொன்னது நான் என்று அவளுக்குத் தெரியாது.

பார்வை நேரமாகிவிட்டது, போகிறேன்.

இருளப்பன்