இருதய டாக்டரிடம் சொல்லாத பல்

மார்ச் 14, வியாழக்கிழமை, காலை 11.20. அம்மாவின் வாயில் மீதமுள்ள பற்கள்: இருபத்தைந்து.

அன்பு மகளுக்கு, இங்கே அம்மா, அப்பா, அண்ணன் மூவரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. இந்த வரி அம்மா சொல்ல அண்ணன் நான் எழுதியது. எப்போதும் போல அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன், ஆனால் இந்தத் தடவை அவள் சொல்லாததையும் எழுதப் போகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். அதற்கு அவள் நீ எதையாவது எழுது, ஆனா பொண்ணைப் பயமுறுத்தாதே என்றாள். அடி வாலு, பயப்பட ஒன்றும் இல்லை, முழுசாகப் படி, பாதியில் போனை எடுக்காதே. படம் எடுத்து அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன், கவர்ல போனாத்தான் உட்கார்ந்து படிப்பா, போன்ல வந்தா ரெண்டாவது வரியிலயே கூப்பிடுவா என்கிறாள். அதுவும் சரிதான்.

முதலில் பொய்களைச் சரி செய்கிறேன். போனில் கேமரா கெட்டுப்போகவில்லை. டாக்டரும் லீவில் போகவில்லை. அம்மாவின் வால்வு ஆபரேஷன் தள்ளிப்போனதற்குக் காரணம் அவளுடைய பல். நீ டிக்கெட்டைத் தள்ளிப் போட்டபோதே சொல்லியிருக்க வேண்டும், வேண்டாம் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன சனிக்கிழமை மூன்று பல் எடுத்தாகிவிட்டது, இரண்டு கடைவாயில், ஒன்று மேல் வரிசையில் நடுவில். அதனால்தான் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாள், குரலையும் காட்ட மாட்டேன் என்கிறாள், பேசினால் நடுவில் காற்று போகிறது, "சரி சரி" என்று சொன்னால் சீட்டி அடித்த மாதிரி இருக்கிறது. நான் சிரித்துவிட்டேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நடந்தது இதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லா டெஸ்டும் முடிந்து கடைசியாக நர்ஸ், பல் டாக்டர் பார்த்த சான்று எங்கே என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனுஷியை நாலு நாற்காலியில் மாற்றி மாற்றி உட்கார வைத்துவிட்டு இப்போது பல்லா என்று நேராக ஆபரேஷன் டாக்டரிடமே போய், சார், ஆபரேஷன் இருதயத்துக்கா வாய்க்கா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார், லிஃப்ட் பராமரிப்பு என்றேன். புது பேரிங் மாட்டிட்டு அழுக்கு ஆயிலை ஊத்துவீங்களா என்றார்.  ஈறு பழுத்திருந்தால் மெல்லும்போதும் தேய்க்கும்போதும் அங்கிருந்து கிருமி ரத்தத்தில் இறங்குமாம். நல்ல உடம்பு பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடும், ஆனால் புதிதாக வைத்த வால்வில் அது போய் ஒட்டிக்கொண்டால் அதைக் கிளப்புவது பெரும்பாடு, மறுபடி நெஞ்சைத் திறக்கும்படிகூட ஆகலாம் என்றார். வாயைச் சுத்தம் பண்ணிட்டு வாங்க, நான் எங்கயும் போகல என்று அனுப்பிவிட்டார். வாயும் ரத்தமும் ஒரே குழாயில்தான் இருக்கின்றன என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. படித்த படிப்பு லிஃப்டோடு நின்றுவிட்டது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், டாக்டருக்கு டாக்டர் அவரவர் பாகத்தை மட்டும்தான் காட்டுவது. அப்பா காலில் கட்டோடு காது டாக்டரிடம் போய், அவரைக் குழப்ப வேண்டாம் என்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாரே, அதே புத்திதான். மாசா மாசம் இருதய டாக்டரிடம் போகிறோமே, ஈறில் ரத்தம் வருவதை ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டால், அவர் எவ்வளவு பெரிய டாக்டர், அவர்கிட்டப் போய்ப் பல்லைப் பத்திப் பேசினா மரியாதையா இருக்குமா என்கிறாள். ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ் வைப்பதையே நிறுத்திவிட்டாளாம். தேய்த்தால்தானே ரத்தம் வருகிறது, தேய்க்காவிட்டால் ஆறிவிடும் என்று கணக்கு. தேய்க்காததால்தான் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் வீங்கியது. இதில் அவளைக் குறை சொல்லி என்ன, எத்தனையோ படித்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பல் டாக்டரே சொன்னார்.

பல் டாக்டர் உன் வயது இருக்கும், பெண். பேச்சில் என்னைவிடக் கறார். அம்மா வாயைத் திறந்ததும் விளக்கைக் கிட்ட இழுத்துக் கடைவாயில் எதையோ நோண்டி இடுக்கியால் வெளியே எடுத்து, தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஃபில்லிங் யாரு பண்ணாங்க என்று கேட்டார். அம்மா பெருமையாக, நான்தான் என்றாள். நம் தையல் கடையில் ஜாக்கெட் தோளில் வைக்கிற பஞ்சு! கிராம்புத் தைலத்தில் நனைத்து, உருட்டி, குழிக்குள் அடைத்து, வாரம் ஒரு தடவை மாற்றியிருக்கிறாள், வருஷக்கணக்கில். கையால் எப்படி அவ்வளவு உள்ளே போச்சு என்று நான் கேட்க, அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தொண்டையைச் செருமினார். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்கிற சின்ன இடுக்கியை எடுத்துக் கொடுத்து டார்ச் பிடித்ததே அவர்தானாம். அம்மா தைக்க அப்பா இஸ்திரி போட என்று கடையில்தான் கூட்டாளிகள் என்று நினைத்திருந்தோம், இதிலும் கூட்டு. டாக்டர் அப்பாவை ஒரு பார்வை பார்த்து, நீங்களும் அடுத்த நாற்காலியில உட்காருங்க என்றார். ஆட்டுக்குட்டி மாதிரி போய் உட்கார்ந்தார்.

பின்னால் இரண்டு பல் என்றதும் அம்மா சம்மதித்துவிட்டாள். முன்பல்லும் ஆடுது, சீழ் கட்டியிருக்கு, அதையும் எடுக்கணும் என்றதும் எழுந்துவிட்டாள். அதுல கையே வைக்காதீங்க, நூலை எதால கடிப்பேன் என்றாள். நீதான் பார்த்திருக்கிறாயே, கத்திரிக்கோல் மடியில் இருக்கும், ஆனாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள், அந்தப் பல்லின் நுனியில் ஊசி முனை அளவுக்குப் பள்ளமே விழுந்திருக்கிறது. ஒண்ணை விட்டு வைக்கிறதும் மூணையும் விட்டு வைக்கிறதும் ஒண்ணுதான் என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, அப்ப ஆபரேஷனே வேணாம், இப்படியே இருந்துட்டுப் போறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டில் ஒரே சண்டை. நான் வால்வு படத்தைப் போட்டுக் காட்டினேன், கத்தினேன், கதவைச் சாத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தால்தான் அவளால் மூச்சு விட முடிகிறது, அந்த நிலையில் பல்லுக்காகப் பிடிவாதம் பிடித்தால் எனக்கு எப்படி இருக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது, அதுவும் என்னிடம் இல்லை, அப்பாவிடம். மூணு வருஷம் கழிச்சு வர்ற பொண்ணு என்னைப் பொக்கை வாயோடயா பார்க்கணும் என்றாளாம். நூலாவது கடிப்பதாவது.

அப்பா சும்மா போய்ட்டு மட்டும் வரலாம் என்று மறுபடி கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் இந்தத் தடவை வாதாடவில்லை. எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, பல்லைச் சுற்றிக் கறுப்பாக இருந்த இடத்தைக் காட்டி, இங்க எலும்பு இருக்கணும், இல்லை என்று மட்டும் சொன்னார். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பட்டன் இருக்கு, பட்டனுக்குப் பின்னாடி துணியே இல்லையே என்றாள். ஆமா என்றார் டாக்டர். அப்ப எடுத்துடுங்க என்று தானே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கத்திய கத்தலுக்கெல்லாம் ஒரு மதிப்பும் இல்லை.

இருதய டாக்டரிடம் பேசி, எந்த மாத்திரையை நிறுத்துவது எதைக் கொடுப்பது என்று கேட்டு வைத்துத்தான் கையை வைத்தார்கள். வலி இல்லையாம், ஊசி மட்டும் எறும்பு கடித்த மாதிரி. முடிந்ததும் கைக்கண்ணாடி கேட்டாள். பஞ்சைக் கடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, கைஜாடையால் தையலைக் காட்டி ஏதோ சொன்னாள், யாருக்கும் புரியவில்லை, அப்பாதான் மொழிபெயர்த்தார், தையல் கொஞ்சம் தூரம் தூரமா விழுந்திருக்காம். அந்த டாக்டர் கையுறையோடு நின்று சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. அடுத்த தடவை நீங்களே போட்டுக்கோங்கம்மா என்றார்.

இப்போது நல்ல செய்தி. வீக்கம் வடிந்துவிட்டது. குழைந்த சோறுதான் சாப்பாடு, ஆனால் முழுசாகச் சாப்பிடுகிறாள். காலையிலும் படுக்கும் முன்னும் மென்மையான பிரஷால் ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து மெதுவாகத் தேய்க்கிறாள், லைனிங் பிரிக்கிற மாதிரி பதமாக. நேற்று துப்பியதில் ரத்தமே இல்லை, என்னைக் கூப்பிட்டு வாஷ்பேசினைக் காட்டினாள். அப்பாவின் கதை வேறு, இஸ்திரி போடுகிற அதே அழுத்தத்தில் குறுக்கே தேய்த்துத் தேய்த்து ஈறு மேலே ஏறிவிட்டதாம், பல் வேர் தெரிகிறது, டாக்டரிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார். புதன்கிழமை அம்மாவின் ஈறைப் பார்த்து, ஆறியிருந்தால் அங்கேயே சான்று. ஆபரேஷனுக்கு ஏப்ரல் நான்காம் தேதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அம்மா, பல் கட்டின பிறகு வரச் சொல்லு என்று எழுதச் சொன்னாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறின பிறகுதான் பல் கட்டுவார்கள், அதற்கு மாசக்கணக்காகும், அதுவரை பொண்ணு வரக் கூடாதா, உன்னை உள்ளே கொண்டுபோகும்போது அவள் இங்கே இருக்க வேண்டாமா என்று கேட்டேன்.  தையல் மிஷின் பெடல் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா கையால் பட்டன்தான் தைக்கிறாள், ஒரு சட்டை முழுக்கத் தைத்து முடித்தாள். அப்பா இஸ்திரி மேஜையிலிருந்து திரும்பாமலே, அவ உன் பல்லைப் பார்க்கவா வர்றா என்றார். அம்மா அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, எழுது, ஆபரேஷனுக்கு முன்னாடியே வரச் சொல்லு, பஸ்ஸுல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்காம வரச் சொல்லு என்றாள். எழுதிவிட்டேன்.

இனி உன் விஷயம். கடைசியாக வீடியோவில் பேசியபோது நீ குளிர்ந்த தண்ணீரை இடது பக்கமாகவே குடித்தாய், வலது பக்கம் பட்டதும் கண்ணைச் சுருக்கினாய். அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். வேலை இருக்கிறது, நேரம் இல்லை, வலி தானாகப் போய்விட்டது என்று சாக்கு சொல்லாதே. வலி நின்றுவிட்டது என்றால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிற்கும். நாளெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் குடிக்கிற தண்ணீரில் கிருமி தேடுகிறாய், உன் வாயில் தேட ஓர் அரை மணி ஒதுக்கு. கிளம்புவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வா. அங்கே எந்த டாக்டரிடம் போனாலும் அம்மாவுக்கு இருதயம், அப்பாவுக்கு ஈறு, உனக்கு என்னென்ன மாத்திரை, எல்லாவற்றையும் சொல். அவர் குழம்ப மாட்டார், அதற்குத்தான் படித்திருக்கிறார்.

அம்மா சொல்கிறாள்: உடம்பைப் பார்த்துக்கொள், இனிப்பைத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுக்காதே, எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் உன் சொந்தப் பல்லால் மென்று சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்ததும் ஒரு வரி தகவல் சொல்ல மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
(கையெழுத்து அவளுடையது. கோபம் வந்தால் என்னைத் திட்டு, எழுத்து என்னுடையது.)

நான் அடுத்துச் செய்யப்போவது:

1. அம்மாவின் இருதயம், பல், மாத்திரை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, எல்லா டாக்டருக்கும் அதே தாளைக் கொடுப்பது.

2. அப்பாவின் முரட்டு பிரஷைப் பிடுங்குவது. இஸ்திரிப் பெட்டி துடைக்க அவரே வைத்துக்கொள்ளலாம்.

3. புதன்கிழமை லீவு போட்டு அம்மாவோடு பல் டாக்டரிடம் போவது. சான்று கையில் கிடைத்தால் அங்கிருந்து நேராக ஆபரேஷன் டாக்டரிடம். இந்தத் தடவை நான் கேள்வி கேட்க மாட்டேன்.

4. என் பல்லையும் காட்டுவது. வயர் தோலைப் பல்லால் உரிக்கிறேன் என்பதை அந்த டாக்டரிடம் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அப்பாவாகத்தான் இருக்கும்.

5. ஏப்ரல் இரண்டாம் தேதி பஸ் நிலையத்துக்கு உன்னை அழைக்க வருவது, அந்தத் தேதிக்கே டிக்கெட் எடு. நானும் அப்பாவும் போதும் என்றேன், அம்மாவும் வருகிறாளாம், காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாளாம், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பாளாம். மூடிக்கொள்ளட்டும். நீ கதவைத் திறக்கும் வரைதானே.