ரஃபி பாய் பேசிய போன்

ஆம்பூர்,
ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் சௌம்யா எழுதுவது.

நானும் பாப்பாவும் சுகம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது. அங்கே மஸ்கட்டில் வெயில் எப்படி? சைட்டில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஷூ கம்பெனி ஆபீஸில் எனக்குச் சீனியராக இருந்த ரஃபி அகமது பாய், நெஞ்சுவலி வந்து சீட்டிலேயே இறந்துபோனதைச் சொல்லியிருந்தேன். வாணியம்பாடியில் அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போய்வந்தோம். மறுநாள் காலை, சொல்லாமல் லீவு போட்டதற்கு விளக்கம் கேட்டு அவர் பெயருக்கே மெமோ வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மேனேஜர் ஜம்புலிங்கம் சார் அதைவிட மேல். "நம்ம சரக்கை வாங்குற ஜெர்மனி அம்மாவுக்கு ரஃபியைத்தாம்மா தெரியும். செத்துட்டாருன்னா ஆர்டரை வேற எடத்துக்குக் குடுத்துடுவாங்க. சீசன் முடியற வரைக்கும் அவர் பேர்லயே மெயில் போடு. இன்னா இப்போ?" என்றார். ரஃபி பாய் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயரில் தினமும் எழுதினேன். அந்த அம்மாள் "டியர் ரஃபி" என்று பதில் போடும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டுதான் மீதியைப் படிப்பேன்.

போன வாரம் ஷூவுக்குள் வைக்கிற கறுப்புத் தோல் ஈரம் பட்டுச் சாயம் விட்டது. சாரிடம் காட்டினேன். "சரக்கு கிளம்பப் போவுது, பேஜார் பண்ணாத. எல்லாம் சரியா இருக்குன்னு எழுது" என்றார். எழுதினேன். ரஃபி பாய் உயிரோடு இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

மறுநாள் அந்த அம்மாளின் பதில் வந்தது: "ரஃபி, நீங்கள் போனில் சொன்னபடி சரக்கை நிறுத்திவிட்டேன். ஆனால் உங்கள் பெயரில் வரும் மெயிலை நம்ப வேண்டாம் என்றீர்களே, ஏன்?"

ஜம்புலிங்கம் சார் என்மேல் பாய்ந்தார். "நீதான போன் போட்ட?"

"எனக்கென்ன ஆம்பளைக் குரலா சார்?" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பாயின் போனை ஆஸ்பத்திரியில் வாங்கி, அவர் வீட்டம்மாள் வஹீதாக்காவிடம் கொடுத்ததே சார்தான். அக்காவைக் கேட்டோம். அன்றைக்கே அணைத்துப் பீரோவில் வைத்ததாம், தொடவேயில்லையாம்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. யாரையும் கேட்காமல் என் பெயரிலேயே அந்த அம்மாளுக்கு எழுதினேன். ரஃபி பாய் இறந்துவிட்டார், இவ்வளவு நாள் எழுதியது நான், மன்னித்துவிடுங்கள் என்று. வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தேன்.

ஒரே வரியில் பதில் வந்தது. "தெரியும் சௌம்யா, இன்று காலை அவரே சொன்னார்."

வேலை போகவில்லை. சாயம் விட்ட தோலையெல்லாம் பிரித்துவிட்டு வேறு தைக்கிறார்கள். சார் என் பக்கமே வருவதில்லை. பாயின் நாற்காலியை யாரோ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

மாமா, கொஞ்ச நாளாக உங்கள் குரல் மட்டும்தான் வருகிறது. வீடியோ வரவில்லை, நெட் சரியில்லை என்கிறீர்கள். இருக்கலாம். பக்கத்து அறை கன்னியப்பன் அண்ணனின் போனை வாங்கியாவது ஒருமுறை முகத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் கையால் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராது, அம்மன் பார்த்துக்கொள்வாள். உங்கள் முகத்தையோ கையெழுத்தையோ நான் பார்க்கும் வரைக்கும், வெறும் குரலாகப் போன் மட்டும் பண்ணாதீர்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
சௌம்யா