செல்லோ நிற்கும் இடம்

தங்கச்சிக்கு,

என் இசைத்தொகுப்பு வந்துவிட்டது. நான்கு தந்தி வாத்தியங்கள் மட்டுமே, பாட்டு இல்லை. உன் மகள் ஷெரோன் அதை உனக்குப் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னாள். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டதும் உனக்கு விளங்கிவிடும். குருநகரில், மச்சானின் சவப்பெட்டியடியில் நீ அழுத ஒப்பாரிதான் அது. "கரை வரைக்கும் வந்த ராசா, வாசலுக்கு வரேல்லையே" என்று நீ இழுத்ததை, செல்லோ என்கிற பெரிய வயலினுக்கு அப்படியே கொடுத்தேன். அன்று என் சட்டைப்பையில் போன் பதிவாகிக்கொண்டிருந்தது. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பாவி, நீ ஓம் என்றுதான் சொல்லியிருப்பாய்.

கொழும்பு வெளியீட்டில் எல்லோரும் அதன் நடுவில் வரும் மௌனத்தைப் புகழ்ந்தார்கள். செல்லோ சட்டென நின்று, நான்கு எண்ணிக்கை கழித்துத் தொடரும். நானும் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன்.

என் போன் பதிவில் அந்த இடம் மௌனம் இல்லை. நீ ஒப்பாரியை விட்டுவிட்டு, "அண்ணை, ஏலாமல் கிடக்கு, வந்து பிடியுங்கோ" என்று கூப்பிட்டாய். அதைத்தான் வெட்டினேன்.

ஐந்தடி தள்ளித்தான் நின்றேன். அசைந்தால் பதிவு கெட்டுவிடும் என்று வரவில்லை.

உன் அண்ணை