சொராய்தாவின் நான்கு நோட்டுப் புத்தகங்கள்

அனுப்புநர்:
லியோகாதியோ பெர்மூதெஸ் (வயது 67),
கரும்பு வெட்டும் தொழிலாளி,
லாஸ் செய்பாஸ், கியூபா.

பெறுநர்:
மாகாணப் பண்பாட்டு அலுவலர் அவர்கள்.

பொருள்: என் மகள் எழுதிய கணித நூலுக்கு அவள் பெயரை இடக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவை யார் உதவியும் இன்றி நானே எழுதுகிறேன். ஐந்து நாளாகிறது. சென்ற ஆண்டு எழுத்தறிவு இயக்கத்தில் படித்தேன். இப்போது தீப்பெட்டியைக்கூடப் படிக்காமல் கீழே வைப்பதில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் மகள் சொராய்தா பள்ளி ஆசிரியை. பகா எண்களைப் பற்றித் தானே கண்டறிந்ததை நான்கு நோட்டுப் புத்தகங்களில் எழுதினாள். 1954இல் காசநோயால் இறந்தாள். வயது இருபத்தொன்பது. நோட்டுகளை எங்கள் ஊர் நூலகத்தில் ஒப்படைத்தேன்.

3. அன்று அங்கிருந்தவர் ஒரு படிவத்தை நீட்டி, "இங்க ஒரு குறி போடுங்க பெரியவரே, சாப்பிடப் போகணும்" என்றார். எழுதத் தெரியாத நான் எப்போதும் போடும் பெருக்கல் குறியைப் போட்டேன். அது விழுந்த இடம் ஆசிரியர் பெயருக்கான கட்டம் என்று அறியேன்.

மகளின் நோட்டிலும் அதே குறி வரிக்கு வரி இருக்கும். "ஏம்மா, என் கையெழுத்த எதுக்கு இத்தன தடவ போடுற?" என்று ஒருமுறை கேட்டேன். "உங்களத்தாம்பா தேடுறேன், இன்னும் அகப்படல" என்று சிரித்தாள். உண்மையென்றே நம்பியிருந்தேன். அது 'எக்ஸ்' என்னும் எழுத்து, கணக்கில் தெரியாத எண்ணுக்கு அதை இடுவார்கள் என்று எழுத்தறிவு ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது.

4. சென்ற மாதம் முதன்முறையாக நூலகத்துக்குப் படிப்பதற்காகப் போனேன். "பெரும் கணித மேதைகளின் மூல நூல்கள்" என்று ஒரு கண்ணாடிப் பேழை. ஒரு பெயரை எழுத்துக் கூட்டி "எ-உ-லெர்" என்று சத்தமாகப் படித்தேன். "ஆய்லர், தாத்தா!" என்று ஒரு பெண் திருத்தினாள். இருவரும் சிரித்தோம். அதற்கு அடுத்ததாக என் மகளின் நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. கீழே அட்டையில், "ஆசிரியர்: தெரியவில்லை." புதிதாகப் படிப்பவன்தானே, தவறாகப் படித்திருப்பேன் என்று மூன்று முறை படித்தேன்.

5. நூலகத் தலைவரிடம் முறையிட்டேன். "அவங்க கைப்பட எழுதினது வேற ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க" என்றார். ஒன்று இருக்கிறது. மலை மருத்துவமனையிலிருந்து அவள் எனக்கு எழுதிய கடைசிக் கடிதம். அன்று பக்கத்து வீட்டு வெனான்சியோதான் அதைப் படித்துச் சொன்னார். "உடம்பு தேறுதாம். வெட்டு முடிஞ்சு நிதானமா வந்தாப் போதுமாம்." அறுவடை முடிந்து போனேன். அவள் கட்டிலில் வேறொருத்தி இருந்தாள்.

மனுவுடன் இணைப்பதற்காக அக்கடிதத்தை இப்போது நானே படித்தேன். "அப்பா, உடனே வாங்க. கரும்பு கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

வெனான்சியோ இன்று உயிருடன் இல்லை. அவர்மீது எனக்குப் புகாரும் இல்லை.

6. ஆகவே ஐயா, இணைத்துள்ள கடிதத்தை நோட்டுகளின் கையெழுத்தோடு ஒப்பிட்டு, அட்டையில் சொராய்தா பெர்மூதெஸ் காலா என்று எழுத ஆணையிட வேண்டுகிறேன். காலா என்பது அவள் தாய்வழிப் பெயர். அதை விட்டுவிட வேண்டாம்.

எழுத்தின் வடிவத்தைப் பார்த்தால் போதும். உள்ளிருப்பதைப் படிக்கத் தேவையில்லை. ஒப்பிட்டு முடிந்ததும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் எனக்கே திருப்பி அனுப்புங்கள். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நாள்: 9 மார்ச் 1962
இடம்: லாஸ் செய்பாஸ்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
லியோகாதியோ பெர்மூதெஸ்

இணைப்பு: கடிதம், ஒரு தாள்.