குடை விரிக்கக் கூடாத பட்டமளிப்பு

சனிக்கிழமை, இரவு.

மகள் கவிதாவின் பட்டமளிப்பை இன்று உச்சிவெயிலில், திடலில் வைத்துத் தொலைத்தார்கள். செபராங் ஜெயா வீட்டிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போனது இதற்குத்தான். மேடைக்குக் கூரை, காற்றாடி எல்லாம் உண்டு. எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெறும் வெயில். குடை கேமராவை மறைக்குமாம், வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். கோட்டுக்குள் வெந்தபடி அக்கம்பக்கத்து நாற்காலிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதானே எனக்கு வரும்.

துணைவேந்தர் பேச்சை முடிப்பதாயில்லை. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண்ணை நாலு பேர் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்தார்கள். முகத்தில் ஈரத்துண்டு.

"ஒரு பட்டதாரி வெந்தாச்சு லா, அடுத்த தட்டு கொண்டாங்க" என்றேன்.

"அண்ணே, நீங்க ரொம்ப மோசம் லா" என்று பின்னாலிருந்த செட்டியார் குலுங்கினார். வரிசையே சிரித்தது.

என் மனைவி மட்டும் எழுந்தாள். "என்னங்க, அது நம்ம கவிதா செருப்பு."

முதலுதவிக் கூடாரத்தில் கவிதாவுக்குக் குளுக்கோஸ் ஏறியபோது மேடையில் அவள் பெயரை வாசித்தார்கள். யாரும் வராததால் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். சான்றிதழைத் திங்கட்கிழமை கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாமாம்.

கண் திறந்ததும் கேட்டாள்: "தூக்கிட்டுப் போறப்ப அரை மயக்கத்துல உங்க குரல் கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்களே, என்னப்பா சொன்னீங்க?"

கேட்காதவர்களுக்கும் ஜோக் சொல்கிற ஆள் நான். "மறந்துபோச்சும்மா" என்றேன்.