லொறியின் கீழே ஒருமுறை குனிந்து பார்க்கக் கோருதல்

அனுப்புபவர்:
திருமதி ஸல்ஹா றிகாஸ்,
பள்ளிவாசல் வீதி, இறக்கக்கண்டி.

பெறுநர்:
மாவட்டப் பொறுப்பதிகாரி அவர்கள்,
வாகனப் பரிசோதனைப் பிரிவு, திருகோணமலை.

விடயம்: மீன் லொறிக்குத் தாங்கள் வழங்கிய தகுதிச் சான்றிதழும், அதனால் விளக்கமறியலில் இருக்கும் என் கணவரும்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் றிகாஸ், எங்கள் ஊர் மீன் முதலாளி ஒருவரின் சிறிய லொறியைச் சம்பளத்துக்கு ஓட்டுபவர். சென்ற மாதம் நிலாவெளியில் பிறேக் பிடிக்காமல் அந்த லொறி, சைக்கிளில் வந்த இராசநாயகம் என்பவரை மோதியது. அவருக்குக் கால் முறிந்தது. லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் இருப்பதால், பிழை முழுவதும் சாரதியின் வேகத்தில்தான் என்பது வழக்கு.

2. அந்தச் சான்றிதழ் பிறந்த விதத்தை நேரில் கண்டவள் நான். லொறியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோன அன்று, கிளினிக்குக்குப் போவதற்காக நானும் முன் சீற்றில் இருந்தேன். மீன் பெட்டிகளைக் கழுவாமல் கொண்டுபோகும்படி முதலாளி சொல்லியிருந்தார். "வெடுக்கு அடிச்சா அவர் கிட்டவும் வரமாட்டார்" என்றார். அப்படியே நடந்தது. தங்கள் பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமர நிழலில் நின்றார். லைற்றைப் போடச் சொன்னார், ஹோர்ன் அடிக்கச் சொன்னார், கையெழுத்து வைத்தார். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வடிந்து வடிந்து மீன் லொறியின் பிறேக் குழாயை அரித்துவிடும். இது எங்கள் ஊர்ப் பூனைக்கும் தெரியும். அரசாங்கச் சம்பளம் வாங்குபவருக்கு மட்டும் தெரியவில்லை.

3. பெட்டி கழுவாமல் போனது என் கணவரின் குற்றம். அதற்கு வேண்டுமானால் தண்டியுங்கள். ஆனால் விபத்துக்கு முந்திய கிழமை, "முதலாளி, பிறேக் அடிவரைக்கும் இறங்குது, இனி ஓட்ட ஏலாது" என்று அவர் சொன்னபோது, முதலாளி அந்தச் சான்றிதழைத்தான் அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

4. விபத்துக்குப் பின், பொலிஸ் நிலைய வளவில் நிற்கும் லொறியைப் பார்க்க யாரை அனுப்பினீர்கள்? அதே பரிசோதகரை. லொறி வெயிலில் காய்ந்து கிடந்தது, வெடுக்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்போதும் அவர் குனியவில்லை. குனிந்திருந்தால் வெடித்த குழாயைக் கண்டிருப்பார். கண்டால், தன் கையெழுத்தைத் தானே பொய்யென்று எழுத வேண்டிவரும். "பிறேக் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிவிட்டுப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களும் அதற்குக் கொஞ்சம் சோறாவது போடுவார்கள். ஐயா, எனக்கு அவர் மேல் கோபம்கூட இல்லை. அருவருப்புத்தான்.

5. இப்போது லொறியை விடுவிக்க முதலாளி மனுப் போட்டிருக்கிறார். வெளியே வந்தால் அன்றைக்கே புதுக் குழாய் பூட்டப்படும். "வேகமா ஓடினன் எண்டு ஒத்துக்கொள், குற்றப்பணத்தை நான் கட்டுறன்" என்று என் கணவருக்குச் சொல்லி அனுப்பியும் இருக்கிறார். உள்ளே இருந்து களைத்துப்போன அவரும் வரும் வழக்குத் தவணையில் ஓம் என்று சொல்லத்தான் போகிறார். சொன்னால் சாரதி அனுமதிப்பத்திரம் போய்விடும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஆகவே, அந்தத் தவணைக்கு முன் வேறு மாவட்டத்துப் பரிசோதகர் ஒருவரை அனுப்பி, லொறியின் கீழே படுத்துப் பார்க்கச் செய்யுமாறு கேட்கிறேன். முதுகு வளையக்கூடிய ஒருவர் தங்கள் பிரிவில் இல்லையென்றால், அதையாவது எழுத்தில் தாருங்கள். நீதவானிடம் நான் கொடுக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஸல்ஹா றிகாஸ்
(ஒப்பம்)

இடம்: இறக்கக்கண்டி
திகதி: 12.08.2025