தொப்பி மாட்டிய என் மூளை

பாப்பா அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் போடும்போது மண்டை கொதிக்கிறது, ஆபரேஷன் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று பாப்பா அழுதாளாமே. இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

நான் கூட்டித் துடைக்கும் ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் தலையில் ஒயர் தொப்பி மாட்டி, ரப்பர் தோலைத் தைக்கச் சொல்லி, மூளை எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். ஒன்றும் தெரியாத ஆள் ஒருவர் வேண்டுமாம். என்னைவிடத் தகுதியானவர் யார்? என் கையுறையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். மூளை பாடுபடும் இடம் திரையில் சிவக்குமாம்; எனக்கு நெற்றிப் பக்கமெல்லாம் ஒரே சிவப்பு.

“அண்ணே, உள்ள தீப்பிடிச்சிருச்சா?” என்றாள் நர்ஸ்.

“எரியறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணுமேம்மா!”

அடுத்து பெரிய டாக்டரம்மா அதே தொப்பியை மாட்டி, தன் பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டே தைத்தார். திரையில் சிவப்பே இல்லை. “புதுசுல எனக்கும் இப்படித்தான் கொதிச்சுது. கை பழகினதும் தானா அடங்கிடுச்சு,” என்றார்.

நீ காலை ஷிப்டுக்குப் போன நாட்களில் நான்தானே பாப்பாவுக்குச் சடை பின்னுவேன்? முதலில் வேர்த்துக் கொட்டும், சடை இரண்டும் ஆளுக்கொரு திசையில் நிற்கும். அப்புறம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே, பாதித் தூக்கத்தில் பின்னவில்லையா? இவளுக்கும் கொதித்துத்தான் அடங்கும்.

பாப்பா சடை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. என்னிடம் இருக்கும் போட்டோக்களில் முகம் மட்டும்தான் தெரிகிறது.

லிஃப்டில் யாரோ காபியைக் கொட்டிவிட்டார்களாம், கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாளா என்று மட்டும் உடனே சொல்லு.

பாப்பா அப்பா